மெஷின் ரோபோ சேகரிப்பவர்கள் கவனத்திற்கு: பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் பொம்மை வேறு

போன மாதம் 23,800 யென் கொடுத்து, மெஷின் ரோபோ என்ற பழைய ஜப்பானியப் பொம்மை வரிசையில் ஒரு பைக் ரோபோ வாங்கினேன். 1982இல் போப்பி நிறுவனம் வெளியிட்ட முதல் பதிப்பு, பெட்டியோடு, விளையாடாமல் வைத்திருந்தது என்று சொல்லி விற்றார்கள். வந்தது அது இல்லை. பணம் திரும்பி வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஜப்பானில் இருந்துகொண்டோ, வெளிநாட்டிலிருந்து ஆள் வைத்தோ இந்தப் பொம்மைகளை வாங்கும் தமிழர்கள் சிலராவது இருப்பீர்கள். நான் மாட்டிய இடத்தில் நீங்கள் மாட்டக்கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. போப்பி என்பது பண்டாய் நிறுவனத்தின் கிளையாக 1971இல் தொடங்கியது. 1974இல் மாஸிங்கர் இசட் என்ற கார்ட்டூன் ரோபோவின் பொம்மையை உலோகத்தில் வார்த்து, சோகோகின் என்ற பெயரில் விற்றார்களே, அதே ஆட்கள்தான். அவர்கள் 1982இல் கொண்டுவந்த வரிசை மெஷின் ரோபோ. ஒவ்வொன்றும் 600 யென், அதனால் 600 வரிசை என்றே பெயர். பைக், ஜெட் விமானம், நீராவி ரயில் எஞ்சின் என்று ஏதோ ஒரு வண்டி. நாலைந்து அசைவில் ரோபோவாக மாறும். உள்ளங்கையில் அடங்கும், ஆனால் உலோகம் கலந்து செய்திருப்பதால் கையில் வைத்தால் கனம் தெரியும். கைச்செலவுக் காசைச் சேர்த்து ஒரு பையன் தானே கடைக்குப் போய் வாங்கக்கூடிய விலையில், இவ்வளவு யோசித்துச் செய்த பொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த வரிசையின் மேல் உள்ள பிரியத்துக்குக் காரணம். பெரிய ரோபோக்களில் தவறை மறைக்க இடம் உண்டு. இவ்வளவு சின்னதில் முடியாது. ஒரு மூட்டு தள்ளி அமைந்தாலும் வண்டி வண்டியாக இருக்காது.

வரிசையின் முதல் எண், எம்ஆர்-01, பைக் ரோபோ. இதே பொம்மையை அமெரிக்காவில் டோங்கா நிறுவனம் கோபாட்ஸ் என்ற பெயரில் விற்றது. அங்கே பைக் ரோபோவுக்கு சை-கில் என்று பெயர், கோபாட்ஸ் கதையில் வில்லன்களின் தலைவன் அவன்தான். ஐரோப்பாவில் ரோபோ மெஷின், ஆஸ்திரேலியாவில் மெஷின் மென். ஒரே வார்ப்பு, பல நாடு, பல பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என்னை ஏமாற்றியவர் பிழைப்பு நடத்துவது இந்த இடத்தில்தான்.

நான் வாங்கியது, தனியாட்கள் தங்கள் வீட்டுப் பழைய பொருட்களை விற்கும் ஒரு செயலியில். ஆறு வருடமாக அதில் வாங்குகிறேன், ஒரு முறைகூடக் கசப்பு இல்லை. இங்கே பெரும்பாலான விற்பனையாளர்கள் ஒரு மில்லிமீட்டர் கீறலைக்கூடத் தனிப்படம் எடுத்துப் போடுவார்கள், மன்னிப்பும் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் என் கவனம் தளர்ந்தது.

விளம்பரத்தில் இருந்தது இது: சைதாமாவில் இருக்கும் அப்பா வீட்டைக் காலி செய்கிறோம். 1982இல் அப்பா பக்கத்துப் பொம்மைக் கடையில் எனக்காக வாங்கியது. எனக்கு அப்போது காய்ச்சல், விளையாடவே இல்லை, அன்றிலிருந்து அலமாரியிலேயே இருந்தது. எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெட்டியின் பின்பக்கம் கடையின் ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கிறது.

தலைப்பில் "தோஜிமோனோ" என்று போட்டிருந்தார். அந்தக் காலத்துப் பொருள், பின்னால் மறுபடி தயாரித்து வெளியிட்டது இல்லை என்று பொருள்படும் சொல். பழைய பொம்மைச் சந்தையில் விலையை ஏற்றுவதே இந்த ஒரு சொல்தான்.

ஏழு படங்கள். பெட்டி நான்கில். பொம்மை மூன்றில், எல்லாமே மஞ்சள் விளக்கில், பச்சைத் துணி விரிப்பின் மேல். அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை. நான் கேட்டேன்: "எழுத்து பொறித்திருக்கும் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?" பதில் மரியாதையாகவே வந்தது. "மன்னிக்கவும், நான் வேலையில் இருக்கிறேன், பொருள் அப்பா வீட்டில் இருக்கிறது. இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்." அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். எம்ஆர்-01 பெட்டியோடு கண்ணில் படுவது அபூர்வம், போய்விடுமே என்ற பயம். அன்றிரவே வாங்கிவிட்டேன்.

பொருள் ஒரு வியாழக்கிழமை மாலை வந்தது. வந்த அரைமணி நேரத்தில் விற்றவரிடமிருந்து செய்தி: "அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், செலவு இருக்கிறது. கிடைத்துவிட்டது என்றால் மதிப்பீட்டை இன்றே போட்டுவிட முடியுமா?"

இந்த முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இத்தகைய செயலிகளில் நாம் கொடுக்கும் பணம் நேராக விற்பவர் கைக்குப் போகாது. நடுவில் செயலியே வைத்திருக்கும். பொருளைப் பார்த்து, சரிதான் என்று நாம் மதிப்பீட்டுப் பொத்தானை அழுத்திய பிறகுதான் அவருக்குப் போகும். அழுத்திவிட்டால் பரிவர்த்தனை முடிந்தது. நம் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

எனக்கு மறுநாள் காலை ஒசாகாவுக்கு வேலைப் பயணம். பெட்டி சுமார் நாற்பது வருடம் ஆனது, அவசரத்தில் பிரித்தால் மடிப்பு கிழியும் என்று நினைத்தேன். மனைவி சொன்னாள், "ஏங்க, அஞ்சு நிமிஷம்தானே, பிரிச்சுப் பாத்துட்டு அழுத்துங்களேன்." நான் கேட்கவில்லை. ஒருவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பணத்தைப் பிடித்து வைத்திருப்பது தப்பு என்று தோன்றியது. அழுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தேன். எடுத்த உடனே வெள்ளி நிறம் விரல் நுனியில் ஒட்டியது. மெல்லிய சாம்பல் நிறப் பொடி. ஆலையில் போட்ட பழைய பூச்சு கீறும், உரியும், மங்கும். இப்படிக் கையில் ஒட்டாது. பேனாவாலோ தூரிகையாலோ சமீபத்தில் யாரோ தடவியிருக்கிறார்கள். உடம்பில் இருந்த ஒரு திருகின் தலையில் புதுக் கீறல், பளிச்சென்று. யாருமே தொடாத பொம்மையின் திருகை யார் கழற்றினார்கள்? ஸ்டிக்கர்களை லென்ஸில் பார்த்தேன். வீட்டுப் பிரிண்டரில் அடித்தால் வருமே, அந்த மாதிரி சிதறிய புள்ளிகள்.

அப்புறம் அடிப்பக்கம் திருப்பினேன். பண்டாய் என்று பொறித்திருந்தது. பெட்டியில் போப்பி. போப்பி நிறுவனம் பண்டாயோடு இணைக்கப்பட்டது 1983இல். முன்பு கடையில் நேரில் பார்த்து வாங்கிய ஒரு 600 வரிசைப் பொம்மை என்னிடம் இருக்கிறது. அதன் பெட்டியிலும் போப்பி, பொம்மையிலும் போப்பி. 1982இல் வாங்கி அலமாரியில் வைத்த பொம்மை, இணைப்புக்குப் பிந்தைய பெயரோடு எப்படி இருக்கும்? பின்னாளில் வெளிநாட்டுக்குப் போன, விளையாடித் தேய்ந்த ஒன்றை எடுத்து, மேலே வெள்ளி பூசி, போப்பி பெட்டிக்குள் வைத்திருக்கிறார் என்பதுதான் என் முடிவு. தனியாகக் கிடைக்கும் சை-கில் பொம்மைக்கும் பெட்டியோடு கிடைக்கும் முதல் பதிப்புக்கும் விலையில் உள்ள தூரம் சேகரிப்பவர்களுக்குத் தெரியும்.

பெட்டியாவது உண்மையா என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கடை ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பழைய ஜப்பானியப் பொருள் எதை வாங்கினாலும் உதவும்.

ஸ்டிக்கரில் ஒரு பொம்மைக் கடையின் பெயர், டோக்கியோ முகவரி, தொலைபேசி எண். பழுப்பேறி, ஓரம் சுருண்டு, பார்க்க அசல். ஆனால் பின்கோடு ஏழு இலக்கம். ஜப்பானில் ஏழு இலக்கப் பின்கோடு வந்தது 1998 பிப்ரவரியில். அதற்கு முன்னால் மூன்று அல்லது ஐந்து இலக்கம்தான். தொலைபேசி எண்ணும் அப்படியே: 03க்குப் பிறகு 3 என்று தொடங்கி எட்டு இலக்கம். டோக்கியோ எண்களுக்கு முன்னால் அந்த 3 சேர்க்கப்பட்டது 1991 ஜனவரி 1ஆம் தேதி. 1982இல் ஒட்டிய ஸ்டிக்கரில் இரண்டுமே இருக்க வழியில்லை. விற்காமல் தேங்கிய சரக்கை ஒரு கடைக்காரர் 1998க்குப் பிறகு புது ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கலாமே என்று கேட்கலாம். நடக்கக்கூடியதுதான். ஆனால் இவர் சொன்ன கதை அது இல்லை. 1982, காய்ச்சல், அப்பா, அலமாரி. அந்தக் கதைக்குத்தான் 23,800 யென் கொடுத்தேன், அந்தக் கதைதான் பொய்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு டோக்கியோவில் இருக்கும் நகானோ பிராட்வேக்குப் போனேன். 1966இல் கட்டிய அந்த வணிக வளாகத்தின் மாடிகளில் பழைய பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கும். நான் முதன்முதலில் ஒரு மெஷின் ரோபோவைக் கண்ணாடி அலமாரியில் பார்த்ததும் அங்கேதான். எனக்குப் பழக்கமான கடைக்காரர், அறுபதைத் தாண்டியவர், பெட்டியைக் கையில் வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு மூடியின் வெட்டுமுனையை விளக்கில் காட்டினார். "அட்டையின் மேல்பக்கம் பழுப்பு, வெட்டுமுனை வெள்ளை. நாற்பது வருடக் காற்று மேல்பக்கத்தை மட்டும் தொட்டதா?" என்று கேட்டார். தேயிலைத் தண்ணீரோ வேறு எதுவோ தடவியிருப்பார்கள் என்றார். ஆக, பெட்டியும் புதிது. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம், இவனை இப்படிச் செய்திருக்க வேண்டாம். தேய்ந்தபடியே விட்டிருந்தால் நல்ல பொம்மை" என்றார். எனக்கும் அதுதான் வலித்தது. யாரோ ஒரு குழந்தை விளையாடிய தேய்மானம் அதில் இருந்திருக்கும். அதை அழித்துவிட்டார்கள்.

பணத்துக்காக நான் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "எனக்கு இதைப் பற்றித் தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேனே" என்று ஒரு வரி வந்தது, பிறகு மௌனம். செயலியின் உதவிப் பிரிவு, மதிப்பீடு முடிந்த பரிவர்த்தனையில் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டார். ஆனால் நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம் வணிகரிடம் வாங்கியவருக்குத்தான் பாதுகாப்பு. தனியாள் தனியாளுக்கு விற்றால் அது பொருந்தாது. வாங்கிய சில நாட்களில் திருப்பிக் கொடுக்கும் கூலிங்-ஆஃப் உரிமையும் இணையத்தில் நாமாகத் தேடி வாங்கியதற்குக் கிடையாது. எல்லாச் செய்திகளையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் வாங்கும்போது, பொறித்த எழுத்தின் படம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். அந்தப் படத்தையும் முழுதாக நம்பிவிடாதீர்கள்: பொம்மையில் இருக்கும் ஆண்டு பல நேரங்களில் அச்சு செய்த ஆண்டுதான், பொம்மை வார்த்த ஆண்டு அல்ல. அதே அச்சில் பத்து வருடம் கழித்து வார்த்தாலும் அதே ஆண்டுதான் விழும். நிறுவனத்தின் பெயர், பெட்டி, துண்டுச்சீட்டு, விற்பவர் சொல்லும் கதை, நான்கும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பொருளைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்கும்வரை மதிப்பீட்டுப் பொத்தானைத் தொடாதீர்கள், யார் எந்தக் காரணம் சொன்னாலும் சரி. ஏதாவது சரியில்லை என்றால் அழுத்துவதற்கு முன் செயலிக்கு எழுதுங்கள், அப்போது பணம் இன்னும் நடுவில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து இடைத்தரகர் மூலம் வாங்குபவர்களுக்கு இந்த வசதிகூடக் கைக்கு எட்டாது. பொருள் உங்களிடம் வந்து சேரும் முன்பே இங்கே கணக்கு முடிந்திருக்கும். அதனால் அவர்கள் விலை சற்றுக் கூடினாலும் பழம்பொருள் உரிமம் உள்ள கடைகளில் வாங்குவதே நல்லது என்பேன். இங்கே 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த உரிமம் கட்டாயம். கடையில் கருநீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எண்ணோடு மாட்டியிருப்பார்கள், இணையக் கடை என்றால் பக்கத்தில் எண் போட்டிருக்கும்.

பைக் ரோபோ இப்போது என் மேசை மேல் இருக்கிறது. வெள்ளிப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடியில் பழைய கீறல்கள் தெரியத் தொடங்கியிருக்கின்றன.

நேற்று இரவு அதே செயலியில் வேறொரு பெயரில் ஒரு ஈகிள் ரோபோ விற்பனைக்கு வந்திருக்கிறது. கோபாட்ஸில் லீடர்-1 என்று அழைக்கப்படும் விமானம்தான். அதே பச்சைத் துணி, அதே மஞ்சள் விளக்கு, ஏழு படங்கள், அடிப்பக்கம் இல்லை. இந்த முறை அம்மாவின் அலமாரி. பெட்டியின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பின்கோடு ஏழு இலக்கம்.