யூரின்ல மருந்து தேட எல்சி-எம்எஸ்எம்எஸ்: பல வருஷ அனுபவம்

யூரின் ட்ரக் டெஸ்டுக்கு ட்ரிபிள் குவாட்ரபோல் (எல்சி-எம்எஸ்எம்எஸ் மெஷின்: எல்சி கலவையைப் பிரிச்சு அனுப்பும், மாஸ் ஸ்பெக் மூலக்கூறை எடை போட்டு, உடைச்சு, துண்டையும் எடை போடும்) வாங்கலாமான்னு அடிக்கடி கேக்குறாங்க, பல வருஷமா அதோட மல்லுக்கட்டுறவன்ங்கிற முறையில எழுதுறேன். மெஷின் சூப்பர்தான், சந்தேகமே இல்ல. ஆனா ரிசல்ட்டோட தலையெழுத்த முடிவு பண்றது அந்த கோடி ரூபா டப்பா இல்லீங்க, அதுக்கு முன்னாடி மாட்டுற எல்சி காலமும் (column, கலவையைப் பிரிக்கிற குழாய்) சாம்பிளை நாம தயார் பண்ற விதமும்தான்.

மாஸ் ஸ்பெக்குக்கு தெரிஞ்சது எடை மட்டும்தான். ஓபியாய்டு வலி மருந்துகளையே எடுத்துக்குங்க: மார்ஃபின், ஹைட்ரோமார்ஃபோன் ரெண்டும் 286ங்கிற எடையில வரும், கோடீனும் ஹைட்ரோகோடோனும் 300ல, உடைச்சுப் பாத்தாலும் நிறைய துண்டு ரெண்டுக்கும் பொதுவாவே வரும், அதனால முன்னாடியே பிரிஞ்சு வரலன்னா கம்ப்யூட்டர்ல அழகா ஒரு பீக் (சிக்னல் முகடு) நிக்கும், பேருதான் தப்பா இருக்கும். சாதா சி18 காலத்துல இருந்து பைஃபினைல் காலத்துக்கு (ரெண்டும் உள்ள இருக்கிற பூச்சோட பேரு) மாறினப்புறம்தான் எங்களுக்கு இந்த தலைவலி குறைஞ்சுது. மெத்தாம்ஃபெட்டமின்ல ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கிற டி, எல் வடிவம் ரெண்டையும் இதுவும் பிரிக்காது, அதுக்குன்னே இருக்கிற கைரல் காலம் வேணும் (அமெரிக்காவுல கடையில விக்கிற மூக்கடைப்பு இன்ஹேலர்லயே எல் வடிவம் இருக்கு, அதான் அங்க இது பெரிய விஷயம்).

அப்புறம் இந்த "டைல்யூட் பண்ணு, இன்ஜெக்ட் பண்ணு" மெத்தட். வேகம்தான், ஆனா யூரின்ல இருக்கிற உப்பும் யூரியாவும் சேர்ந்து வந்து சிக்னலை அமுக்கிடும், ஒவ்வொரு ஆளோட யூரினும் ஒவ்வொரு மாதிரி அமுக்கும். ட்யூட்டிரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்ட இன்டர்னல் ஸ்டாண்டர்ட், அதாவது அளவு தெரிஞ்சு நாமளே சேர்க்கிற அதே மருந்து, இருந்தா அதுவும் கூடவே அமுங்கும், கணக்கு சரியாயிடும். விலையப் பாத்து இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. முதல் ஒரு நிமிஷம் வர்ற கழிசலை டைவர்ட் வால்வ் போட்டு வெளிய தள்ளுங்க, மாஸ் ஸ்பெக்கோட வாசல்ல இருக்கிற சோர்ஸ் பொழைக்கும்.

மார்ஃபின் பெரும்பாலும் குளுக்குரோனைடா (உடம்பு ஒட்டிவிடுற ஒரு சர்க்கரை அமிலத்தோட சேர்ந்து) தான் வெளிய வரும், அதை என்சைம் போட்டு வெட்டணும். கடல் நத்தையிலருந்து எடுக்கிற என்சைம் மலிவு, ஆனா சூட்டுல மணிக்கணக்கா வைக்கணும், மரபணு மாத்தி தயாரிக்கிற ரிகாம்பினன்ட் வகை அரை மணிக்குள்ள முடிச்சிடும். ஆசிட் போட்டு வெட்டுற பழைய வழி வேணவே வேணாம், ஹெராயினுக்கு சாட்சியான 6-அசிட்டைல்மார்ஃபினே அதுல மார்ஃபினா மாறிடும்.

இந்த 6-அசிட்டைல்மார்ஃபின்தான் நம்மூரு குருமாவக் காப்பாத்துது. கசகசா சாப்பிட்டாலே யூரின்ல மார்ஃபின் வரும், ஸ்ட்ரிப் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். இதுக்காகவே அமெரிக்காவுல அரசு வேலை டெஸ்ட்டோட கட்-ஆஃபை (பாசிட்டிவ்னு சொல்ற எல்லை) 1998ல ஒரு மில்லிக்கு 300 நானோகிராம்ல இருந்து 2000க்கு ஏத்தினாங்க. 6-அசிட்டைல்மார்ஃபின் கசகசாவுல இருந்து வராது, ஆனா அது உடம்புல ஒரு நாள் தங்கினாலே பெருசு, லேட்டா எடுத்த சாம்பிள்ல அது இல்லன்னா ஒண்ணும் அடிச்சு சொல்ல முடியாது. கிரியேட்டினினையும் (யூரின்ல எப்பவும் வர்ற உடம்புக் கழிவு) சேர்த்தே பாருங்க, தண்ணிய மொடக்கு மொடக்குன்னு குடிச்சிட்டு வர்ற ஆள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு கீழ மாட்டிக்குவார்.

பராமரிப்பு? கரென்ட்டு போச்சுன்னா மெஷின் உள்ள இருக்கிற வாக்குவம் போச்சு, திரும்ப அழுத்தம் இறங்க ராத்திரி பூரா ஆகும், நல்ல யூபிஎஸ் இல்லாம வாங்காதீங்க. நைட்ரஜன் ஜெனரேட்டர் சத்தத்துக்கு தனி ரூம் கண்டிப்பா வேணும். அதிக அளவு இருக்கிற சாம்பிளுக்கு அடுத்து ஒரு பிளாங்க் (மருந்தே இல்லாத சாம்பிள்) ஓட்டிடுங்க, இல்லன்னா ஒட்டி நிக்கிற மிச்சம் அடுத்த ஆள் தலையில விழும்.

ஆவியாக்கிப் பிரிக்கிற பழைய முறையான ஜிசி-எம்எஸ்ல டெரிவடைஸ் பண்றது (ஆவியாகிற மாதிரி மருந்தை வேதியா மாத்துறது) சலிப்புதான், ஆனா வாரத்துக்கு கொஞ்சம் சாம்பிள்தான் வருதுன்னா அதுவே தாராளமா போதும், மிச்சக் காசுல ஸ்டாண்டர்டு வாங்கிப் போடுங்க.