லைட்ரூம் கிளாசிக்கா, டிஜிகாமா?

கல்யாண சீசன் முடிந்து ஹார்டு டிஸ்க் நிரம்பி வழியும்போதுதான் படங்களை அடுக்கவும் திருத்தவும் இந்த இரண்டு மென்பொருள்களில் எது என்ற கேள்வியே பலருக்கு வருகிறது.

செலவு: லைட்ரூமுக்குச் சந்தா. டிஜிகாம் இலவசம், லினக்ஸிலும் ஓடும்.

சந்தா நின்றால்: லைட்ரூமில் படங்களைத் தேடலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் படங்களைத் திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். டிஜிகாமில் அந்தப் பேச்சே இல்லை.

வேகம்: மேடை வெளிச்சத்தில் எடுத்த ஒரு ரா படத்தில் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தால் ஏறும் நிறச் சாயலை, சரிசெய்து, மீதி நானூறுக்கும் ஒரே அடியில் ஏற்றிவிடுவதில் லைட்ரூம்தான் கெட்டி. டிஜிகாமின் பலம் முகம், குறிச்சொல் வைத்துத் தேடுவது.

வாராவாரம் ஆல்பம் கொடுப்பவர்கள் சந்தாவைக் கட்டிவிடுங்கள், லைட்ரூமில் செய்யும் திருத்தங்களை எக்ஸ்எம்பியில் (படத்தோடு சேர்ந்த திருத்தக் குறிப்பில்) தானாக எழுதும் வசதியையும் மறக்காமல் ஆன் செய்யுங்கள், அது தானாக ஆன் ஆகியிருக்காது. வீட்டுப் படங்களைச் சேர்த்து வைக்க மட்டும் என்றால், சரி, டிஜிகாமே தாராளம்.