ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் இரண்டு ஆல்பங்கள்: எதை முதலில் கேட்பது?

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் 1975இல் வந்த ‘பார்ன் டு ரன்’, இல்லையென்றால் 1984இல் வந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’, இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் 1973 என்ற ஒரே ஆண்டில் அவர் இரண்டு ஆல்பங்கள் போட்டார். ஜனவரியில் ‘கிரீட்டிங்ஸ் ஃப்ரம் ஆஸ்பரி பார்க், என்.ஜே.’, நவம்பரில் ‘தி வைல்ட், தி இன்னசென்ட் அண்ட் தி இ ஸ்ட்ரீட் ஷஃபிள்’. இரண்டுமே வந்தபோது விற்கவில்லை. எது மேல் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். ஆனால் அதற்காக முதல் ஆல்பத்தை ‘கற்றுக்குட்டி முயற்சி’ என்று ஓரம் கட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே போகாது, ஏனென்றால் அதில் இருக்கிற சில பாடல்களைப் போல அவர் அப்புறம் எழுதவே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் தயாரிப்பாளர்கள் மைக் அப்பெல், ஜிம் கிரெடெகோஸ். இரண்டும் பதிவானது நியூயார்க் மாநிலத்தில் ப்ளாவெல்ட் என்ற சிற்றூரில் இருந்த 914 சவுண்ட் ஸ்டூடியோவில். டிரம்ஸில் வினி லோபஸ், பாஸில் கேரி டாலன்ட், பியானோவில் டேவிட் சான்ஷஸ், சாக்ஸஃபோனில் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் என்று ஆட்களும் கிட்டத்தட்ட அவர்களே. பத்து மாத இடைவெளி. அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்?

காரணம், முதல் ஆல்பத்தில் அவர் யார் என்பதிலேயே ஆளுக்கு ஒரு கருத்து இருந்தது. 1972இல் அவரைக் கொலம்பியா ரெக்கார்டு நிறுவனத்துக்கு எடுத்தவர் ஜான் ஹேமண்ட், பாப் டிலனை எடுத்த அதே ஹேமண்ட். அவர் கேட்டது கிட்டாரோடு தனியாக உட்கார்ந்து பாடிய பையனை, அவருக்கு வேண்டியதும் அந்தப் பையன்தான். ஸ்பிரிங்ஸ்டீனோ நியூ ஜெர்சி கடற்கரை பார்களில் பல வருஷம் சத்தமாக பேண்டோடு வாசித்து வளர்ந்தவர், அவருக்கு பேண்ட் வேண்டும். கடைசியில் பாதி அப்படி, பாதி இப்படி என்று ஒரு சமரசம் ஆனது, அந்தத் தையல் ஆல்பம் முழுக்கத் தெரிகிறது. ‘மேரி குயின் ஆஃப் ஆர்கன்சா’, ‘தி ஏஞ்சல்’ இரண்டும் வரும்போது ஆல்பம் அப்படியே நின்றுவிடுகிறது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீளும் ‘மேரி குயின்’ என்னைப் பொறுத்தவரை அவருடைய எழுபதுகளின் மிக மோசமான பாட்டு. இது போதாதென்று கம்பெனிக்காரர்கள் ‘புதிய டிலன்’ என்று விளம்பரம் செய்தார்கள். அந்தப் பட்டம் அவருக்கு நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம் செய்தது.

ஆனால் பாருங்கள், அதே ஆல்பத்தின் இரண்டு நல்ல பாடல்கள் வந்ததும் கம்பெனியின் நெருக்கடியால்தான். பதிவானதைக் கேட்ட கொலம்பியா தலைவர் கிளைவ் டேவிஸ், சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, விட இதில் ஒன்றுமே இல்லையே என்று சொல்ல, ஸ்பிரிங்ஸ்டீன் போய் ‘பிளைண்டட் பை தி லைட்’, ‘ஸ்பிரிட் இன் தி நைட்’ இரண்டையும் எழுதிக்கொண்டு வந்தார். முதலாவதை எதுகை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினாராம். அந்த வார்த்தை வெள்ளத்தைக் கேட்டாலே தெரியும், அர்த்தத்தை விட்டுவிட்டு சத்தத்தின் சந்தோஷத்துக்காகவே சொல் மேல் சொல்லாக அடுக்கியிருக்கிறார். கிளெமன்ஸின் சாக்ஸஃபோன் இந்த இரண்டு பாடல்களில்தான் உள்ளே வருகிறது. சிங்கிள்களாக வந்தபோது இரண்டும் எந்த விற்பனைப் பட்டியலிலும் ஏறவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1977இல், மான்ஃப்ரெட் மான்ஸ் எர்த் பேண்ட் பாடிய ‘பிளைண்டட் பை தி லைட்’ அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஸ்பிரிங்ஸ்டீன் தன் பெயரில் வந்த சிங்கிளில் ஒருபோதும் தொடாத இடம் அது. எனக்கு அந்த சிந்தசைசர் வடிவத்தைவிட அவருடைய மூச்சுத் திணறுகிற மூலம்தான் பிடிக்கும், அதில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பையனின் அவசரம் அப்படியே இருக்கிறது.

முதல் ஆல்பத்தில் எனக்கு உயிர் ‘லாஸ்ட் இன் தி ஃப்ளட்’. தொடக்கத்தில் தூரத்து இடி மாதிரி கேட்கும் உறுமல் ஸ்டீவ் வான் ஸான்ட் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு எழுப்பியது. அதன் மேல் பியானோ மெதுவாக நடக்க, போரிலிருந்து திரும்பிய ஒருவனின் கதையில் ஆரம்பித்துத் தெருத் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிகிறது. வியட்நாம் போர் இன்னும் ஓயாத நேரத்தில் எழுதிய பாட்டு. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’வில் பதினோரு வருஷம் கழித்து அவர் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வழி இங்கேயே தொடங்கிவிட்டது. ‘ஃபார் யூ’வும் அப்படித்தான், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பெண்ணுக்காக ஓடுகிறவனின் பதற்றம் தாளத்திலேயே இருக்கிறது.

சரி, இரண்டாவது ஆல்பத்துக்கு வருவோம். இங்கே சமரசம் எதுவும் இல்லை, இது பேண்டின் ஆல்பம். முதலாவதில் ஒன்பது பாடல்கள், இதில் ஏழுதான், ஆனால் நீளம் இதுதான் அதிகம். நான்கு பாடல்கள் ஏழு நிமிஷத்தைத் தாண்டுகின்றன, ‘நியூயார்க் சிட்டி செரினேட்’ கிட்டத்தட்ட பத்து. வானொலியில் எவனும் போடமாட்டான் என்று தெரிந்தும் பாட்டு எவ்வளவு இடம் கேட்கிறதோ அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார். புதிதாக டேனி ஃபெடரிசி வருகிறார். ‘4த் ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க் (சாண்டி)’ பாட்டில் அவருடைய அக்கார்டியன் வந்ததும் அந்தக் கடற்கரை ஊரின் உப்புக்காற்று கூடவே வந்துவிடுகிறது.

சொற்களும் குறைந்துவிட்டன, அதுதான் முக்கியம். முதல் ஆல்பத்தில் வரிக்கு ஒரு ஆள் வந்து போவான், யாரும் மனதில் நிற்கமாட்டார்கள். இரண்டாவதில் ‘இன்சிடென்ட் ஆன் 57த் ஸ்ட்ரீட்’ கேளுங்கள், ஒரு ஜானி, ஒரு ஜேன், ஒரு கோடைக்கால நியூயார்க் இரவு, அவ்வளவுதான், ஏழே முக்கால் நிமிஷத்தில் அவர்களோடு வாழ்ந்துவிடுகிறோம். அதன் கடைசிப் பியானோ அடங்கும் நேரத்தில் ‘ரோசலிட்டா’ பாய்ந்து வருகிறது. காதலியின் அப்பாவிடம் தன்னை நிரூபிக்க ரெக்கார்டு கம்பெனி கொடுத்த முன்பணத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற பாட்டு. அதைப் பாடும்போது அவருடைய ரெக்கார்டுகள் கடைகளில் தூங்கிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் அந்தத் தைரியம் இன்னும் பிடிக்கிறது. பின்னால் ஆண்டுக்கணக்கில் அவருடைய மேடை நிகழ்ச்சிகளை முடித்துவைத்ததும் இதே பாட்டுதான்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஒலிப்பதிவு மங்கல், டிரம்ஸ் ஏதோ பக்கத்து அறையில் வாசிப்பது போலக் கேட்கும். ‘வைல்ட் பில்லிஸ் சர்க்கஸ் ஸ்டோரி’ டூபா எல்லாம் வைத்து அழகாக இருந்தாலும் பலமுறை கேட்கத் தோன்றுவதில்லை. வினி லோபஸின் தாளம் தடுமாறுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆட்டம்தான் ‘கிட்டீஸ் பேக்’கின் உயிர்.

இதில் மறக்கக்கூடாத ஆள் டேவிட் சான்ஷஸ். அவருடைய அம்மா வீடு இருந்த தெருவின் பெயர்தான் ‘இ ஸ்ட்ரீட் பேண்ட்’ என்று பேண்டின் பெயரானது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அவர் விரல்களில் இருந்த ஜாஸ். ‘நியூயார்க் சிட்டி செரினேட்’ தொடக்கத்துப் பியானோவை ராக் ஆல்பம் என்று சொல்லாமல் யாருக்காவது போட்டுக் காட்டினால் வேறு எதையோ கேட்பதாக நினைப்பார்கள். 1974இல் முதலில் லோபஸ் போனார், ஆகஸ்டில் சான்ஷஸும் போனார், அவர் இடத்துக்கு ராய் பிட்டன் வந்தார், டிரம்ஸுக்கு மேக்ஸ் வைன்பர்க். ‘பார்ன் டு ரன்’ இதைவிட இறுக்கமான, பெரிய ஆல்பம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் பாட்டு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத இந்தத் தளர்வு அதோடு போய்விட்டது, திரும்பி வரவும் இல்லை. வெற்றிக்குக் கொடுத்த விலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

‘பார்ன் டு ரன்’ வந்த 1975இல்தான் இந்த இரண்டு ஆல்பங்களும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறின, அதுவும் அறுபதாவது இடத்தை ஒட்டி.

எனவே புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் தொடங்குங்கள், அதாவது கடைசி மூன்றே பாடல்கள், இருபத்தைந்து நிமிஷம், இடையில் நிறுத்தாமல். பிறகு முதல் பக்கம். அது பிடித்துப்போன பிறகு முதல் ஆல்பத்துக்குப் போய் ‘லாஸ்ட் இன் தி ஃப்ளட்’, ‘ஃபார் யூ’, ‘ஸ்பிரிட் இன் தி நைட்’, ‘குரோயிங் அப்’ இந்த நான்கையும் கேளுங்கள். ‘மேரி குயின்’ கடைசியில் வந்தால் போதும்.