சின்ன மில்லிங் மெஷினுக்கு ஹெச்.எஸ்.எஸ். கட்டரா, கார்பைடா?

ராயபுரம் வீட்டில் நான் வைத்திருக்கும் மில்லிங் மெஷினை, அதாவது சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மெஷினை, தனியாளாகத் தூக்க முடியாது. ஆனாலும் பட்டறை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பொம்மைதான். கட்டர் வாங்கப் போன பாரிமுனைக் கடையில் அதைச் சொன்னாலும், டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த கட்டரைத்தான் எடுத்து நீட்டினார்கள். “ரொம்ப நாள் உழைக்கும் சார்.” உழைக்கும், மெஷின் ஆடாமல் நின்றால்.

என்னுடையது ஆடியது. 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லை (நுனியிலும் பக்கத்திலும் பல் உள்ள கட்டர்) மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண மென் எஃகுப் பட்டையின் ஓரத்தில் ஓட்டியதும் மேசையே கடகடத்தது. நிறுத்திப் பார்த்தால், நான்கு பல்லில் இரண்டின் நுனி நொய்யரிசி அளவுக்கு உதிர்ந்திருந்தது. கார்பைடு கடினம்; அதிர்வைத்தான் தாங்காது. மிச்ச வெட்டை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகு) கட்டர் முனகிக்கொண்டே முடித்துக் கொடுத்தது.

வேகக் கணக்கும் ஹெச்.எஸ்.எஸ். பக்கம்தான். மைல்ட் ஸ்டீலுக்கு அதன் வெட்டு வேகம், அதாவது பல்லின் நுனி ஓடும் வேகம், நிமிடத்துக்கு 25 மீட்டர், 10 மி.மீ. கட்டரில் ஏறக்குறைய 800 சுற்று. கார்பைடுக்கு 90 மீட்டர் என்று வைத்தால் 2,900 சுற்றை நெருங்கும். என் மெஷின் 2,500-க்கு மேல் சுற்றாது.

கார்பைடை அடியோடு ஒதுக்கவும் முடியாது. பழைய இரும்புக் கடையில் எடுத்த துண்டை முதலில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது கடினப்படுத்திய எஃகு, ஹெச்.எஸ்.எஸ். உடனே மழுங்கிவிடும். அங்கே 6 மி.மீ. கார்பைடை வைத்து, மேலோட்டமாகச் சீவி எடுக்கலாம்.

அலுமினியத்துக்கு இரண்டு பல் கட்டர் போதும். நான்கு பல்லில் சீவல் வெளியேற இடமில்லாமல் அப்பிக்கொள்ளும். பிரஷ்ஷால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தால் வெட்டிய பரப்பு பளபளவென்று வரும்.

அகலமான பரப்பைச் சமன்செய்ய எனக்குப் பிடித்தது ஃப்ளை கட்டர். அதில் வெட்டுவது ஒற்றை ஹெச்.எஸ்.எஸ். டூல் பிட் (தீட்டிய சிறு எஃகுத் துண்டு), மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் நானே தீட்டிக்கொள்கிறேன். கார்பைடுக்குப் பச்சைக் கல்லோ வைரக் கல்லோ வேண்டும்.

எதை வாங்கினாலும் காலெட்டில், அதாவது கட்டரின் தண்டைச் சுற்றிலும் இறுக்கும் பிடியில், பிடியுங்கள். துளைக் கருவியைப் பிடிக்கும் டிரில் சக் பக்கவாட்டு விசைக்குச் செய்யப்பட்டதல்ல. கட்டர் நழுவி வேலையைக் குதறிவிடும்.

ஹெச்.எஸ்.எஸ்.ஸிடம் எனக்கு ஒரே குறைதான். எண்ணெய் தடவாமல் வைத்தால், கடற்காற்றில் சில நாளிலேயே அதன் மேல் பழுப்புப் புள்ளி விழுகிறது.