ஒரு கத்தி போதுமா? காபார், குளொக், மோரா, கம்மாலைக் கத்தி

ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் கிழமை, எங்கள் வீட்டில் இருந்த நான்கு கத்திகளில் விலை கூடியதில்தான் முதலில் துரு ஏறியது. அத்தான் ரொறன்ரோவில் இருந்து கொண்டுவந்து தந்த காபார் என்ற அமெரிக்கப் படைக்கத்தி அது. தோல் உறைக்குள் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். தாவாரத்தில் கேட்பாரற்றுச் செருகிக் கிடந்த கொடுவாக்கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஒரு மாரியும் ஒரு கோடையும் நான்கையும் மாற்றி மாற்றிப் பாவித்துப் பார்த்ததற்கு அந்த எரிச்சல்தான் காரணம்.

காபாரின் பிறப்பை அறியாமல் அதை எடைபோட்டால் அநியாயமாகிவிடும். முதலாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் பதுங்குகுழிக் கத்திக்குக் கைப்பிடியிலேயே பித்தளை முட்டிவளையம் இருந்தது. குத்துவதற்கு அது உதவியது. பெட்டி உடைக்கவோ கிளை தறிக்கவோ உதவவில்லை. இரண்டாம் போரில் மரைன் படைக்குச் சண்டைக்கும் புழக்கத்துக்கும் பொதுவான ஒன்று தேவைப்பட்டது. 1942 நவம்பரில் அவர்கள் ஏற்றுக்கொண்ட வடிவமே இது. 1943 தொடக்கத்தில் முதற்தொகுதியை அனுப்பியது கமிலஸ் என்ற வேறொரு கம்பனி. ஆனால் நியூயோர்க் மாநிலத்து ஒலியன் நகரில் இருந்த யூனியன் கட்லரி தன் கத்திகளின் அலகில் குத்திய ‘காபார்’ என்ற முத்திரைதான் வாயில் நின்றது. எல்லாக் கம்பனிகளின் கத்திக்கும் அதுவே பெயரானது. 1952-இல் கம்பனியும் அந்தப் பெயருக்கே மாறிவிட்டது.

அலகு ஏழு அங்குலம். முழு நீளம் பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எடை முந்நூறு கிராம் அளவில். பிடி என்பது தோல் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து இறுக்கியது. அலகின் பக்கத்தில் ஓடும் பள்ளத்தை இரத்தம் வடிய வைத்த வாய்க்கால் என்று இங்கே பெடியன்கள் கண்ணை உருட்டிக் கதைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை, எடையைக் குறைக்கச் சீவிய பள்ளம் அது. பழைய வாள்களிலும் இருக்கிறது.

இரண்டாவது ஆள் ஒஸ்திரியாவின் குளொக் 78. கைத்துப்பாக்கிக்குப் பேர்போன அதே கம்பனி, தன் நாட்டுப் படைக்காகச் செய்தது. அலகு 165 மில்லிமீற்றர், எடை இருநூறு கிராமுக்குச் சற்று மேல். பிடியும் உறையும் பிளாஸ்ரிக். பிடிக்கும் அலகுக்கும் நடுவே நிற்கும் கைக்காப்பின் மேல்முனை போத்தல் மூடி திறக்கும்படி வளைந்திருக்கிறது. முதுகில் வாள்பல் வைத்தது 81 என்ற எண்ணில் வருகிறது. அந்தப் பல்லால் பூவரசங்கொப்பு அறுத்துப் பார்த்து அரைமணி நேரத்தை வீணாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், 78 போதும். இரும்பு சற்று மென்மையானது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் எந்தக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் மீண்டும் கூர்வாய் எடுக்கும். அழகு என்று எதுவும் இல்லை. வேலியில் தொங்கவிட்டு மறந்துபோனாலும் அதற்குக் கவலை இல்லை.

மூன்றாவதான மோராவைப் போர்க்கத்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுவீடனின் மோரா ஊரில் செய்வது, நாலு அங்குல அலகு, இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பு. துருப்பிடிக்காத இரும்பில் வாங்கினால் அம்மா அதை உங்களிடம் திருப்பித் தரமாட்டார்.

நான்காவதுதான் நம்முடைய கொடுவா. பழைய லொறியின் வில்லுத்தகட்டை வெட்டி, சிரட்டைக்கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, சூட்டோடு தோய்த்து இறுக்கி எடுக்கும் கம்மாலைக் கத்தி. வில்லுத்தகடு நல்ல இரும்பு. பாரம் தாங்கித் தாங்கி வளைந்து மீளவே பிறந்தது. குறை என்னவென்றால் தோய்ச்சல் முழுக்கக் கண்மதிப்பு. ஒரே கைக்கு ஒரு கத்தி வாய் உதிரும், இன்னொன்று வாய் மடியும். பழைய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். சில இடங்களில் தோய்ச்சல் ஏறாத பச்சை இரும்பையே மினுக்கித் தந்துவிடுகிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் ஓர் அரத்தைக் கத்தியின் வாயில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். வெண்ணெயில் போல இறங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் பிடித்தால் சரி.

இனி வேலை. வேலி அடைக்கக் கிளுவங்கதியால் தறித்தபோது கொடுவா மூன்று வெட்டில் முடித்ததற்குக் காபார் ஒன்பது வெட்டுக் கேட்டது. குளொக்கை எண்ணவே இல்லை. காபாரைக் கம்மாலை ஐயாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்துவிட்டு, “வடிவான கத்திதான் தம்பி, ஆனால் முன்பாரம் இல்லையே” என்றார். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. காபாரின் பாரம் கைக்காப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது, குத்தவும் திருப்பவும் வசதியாக. கொடுவாவின் பாரம் மூக்கில் நிற்கிறது. தறிப்பது மூக்குத்தான்.

இளநீர் சீவுவதிலும் இதே கதை. மீன் வெட்டப் போனால் காபாரின் தடித்த முதுகு இடைஞ்சல். விளைமீனின் முள்ளோரம் இறங்க மோராவின் மெல்லிய அலகு வேண்டும். ஓலை வார சத்தகம் இருக்கிறது, அந்தப் பக்கம் இவை எதுவும் தலைகாட்ட வேண்டாம். காபார் முன்னுக்கு நின்ற இடங்கள் இரண்டு. ஒன்று, நைலோன் கயிறும் பழைய வலையும் அறுப்பது. மற்றது, பலகைப் பெட்டி திறப்பது. பலாப்பழத்திலும் மோசம் இல்லை, அலகில் எண்ணெய் பூசியிருந்தால்.

ஒரு வருடம் கழித்து எனக்குப் பட்டது இதுதான். ஒரேயொரு கத்தியைத்தான் சுமக்க முடியும் என்று இருந்த ஆளுக்காகச் செய்தது காபார். எல்லா வேலைக்கும் பாதி பொருந்தினால் அவனுக்குப் போதும். நம் வீட்டில் யாரும் ஒரு கத்தியோடு தீவில் இறங்கப் போவதில்லை. அடுப்படியில் ஒன்று, தாவாரத்தில் ஒன்று, கொட்டிலில் ஒன்று என்று கிடக்கும்போது, எல்லாவற்றிலும் பாதி தெரிந்தவனுக்கு எங்கே இடம்?

சரி, ஏற்கெனவே கையில் இருக்கிறது, அல்லது ஆசை விடவில்லை என்றால் பராமரிப்புத்தான் கேள்வி. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

காபாரின் இரும்பில் கரி, அதாவது காபன், நூற்றுக்கு ஒன்று அளவில், குரோமியம் பெயருக்குத்தான். அதனால் நன்றாக வாய் பிடிக்கும், நன்றாகத் துருவும் பிடிக்கும். கறுப்புப் பூச்சு அலகின் முகத்தைக் காக்கிறது. தீட்டிய வாய்க்குப் பூச்சு ஏது? என் கத்தியில் துரு தொடங்கியதும் வாயோரத்தில்தான். குற்றவாளி உறை. தோல் ஈரத்தையும் உப்பையும் குடித்து வைத்திருந்து, அலகுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அது சொல்லவே வேண்டாம். கொடுவா தப்பியது வேறொன்றாலும் இல்லை: காற்றாடக் கிடந்தது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை யாராவது எடுத்துத் துடைத்தார்கள். ஆகவே உறை கொண்டுபோவதற்கு மட்டும். வீட்டில் கத்தியை வெளியே, துணியில் சுற்றி வையுங்கள்.

எண்ணெயில் நான் முதலில் செய்த பிழை நல்லெண்ணெய் பூசியது. ஒரு மாதத்தில் பிசின்போல ஒட்டியது; அது காற்றுப்பட இறுகும் சாதி. தேங்காயெண்ணெய் அப்படி இறுகாது, உணவு வெட்டுகிற கத்திக்கும் பயமில்லை. வெட்டாமல் வைக்கிற கத்திக்குத் தையல் மெசின் எண்ணெய் இன்னும் நல்லது. எதுவாயினும் விரல்நுனி அளவுதான். மாங்காய், தேசிக்காய் வெட்டினால் பூச்சில்லாத இடம் சாம்பல் நீலமாகக் கறுக்கும். அதைத் துரு என்று தேய்த்துப் போக்காதீர்கள், அந்தக் கறை செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். கழுவியதும் உடனே துடைக்க வேண்டும். நம் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது, தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். தீவுப்பக்கத்து உவர்நீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

தோல் பிடிக்கு மாரியில் பூஞ்சணம் வரும். நிழலில் காயவைத்துத் துடைத்து, தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி மெல்லியதாகத் தேய்த்தால் போதும். வெயிலில் வைத்தால் வில்லைகள் சுருங்கி இடைவெளி விழும்; எண்ணெயில் ஊறப்போட்டால் தோல் தளரும். இந்த ஆராதனை வேண்டாம் என்பவர்களுக்கு ரப்பர் மாதிரியான பிடியும் பிளாஸ்ரிக் உறையும் கொண்ட காபாரும் வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு அதுதான் புத்தி. நான் புத்தியைக் கேட்கவில்லை.

தீட்டுவதற்குக் கோணம் பக்கத்துக்கு இருபது பாகை. அளவு தெரியாவிட்டால் கடதாசியின் மூலையை இரண்டு முறை மடியுங்கள். தொண்ணூறு நாற்பத்தைந்தாகி இருபத்திரண்டரையில் வந்து நிற்கும், அதைவிட ஒரு மயிரளவு தாழ்த்திப் பிடித்தால் சரி. ஒரு பக்கம் முழுநீளத்துக்கும் பிசிறு விரலில் தட்டுப்படும் வரை தேய்த்துவிட்டுத்தான் மறுபக்கம் திருப்ப வேண்டும். கடைசியில் பழைய இடுப்புப் பட்டியில் பின்னோக்கி இழுக்கலாம். பாளை சீவுபவர்கள் பலகையில் கற்பொடி தூவித் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களின் பொறுமையில் பாதி இருந்தால் எந்தக் கத்தியும் மயிர் வழிக்கும்.

மின் சாணைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். சந்தைப்பக்கம் ஒருவர் பொறி பறக்கப் பிடித்துத் தந்தார். முனையில் ஓர் அங்குலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு முந்நூறு பாகை அளவில் சூடேறினால்தான் அந்த நீலம் வரும். வந்தால் அந்த இடத்துத் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இன்றும் என் காபாரின் முனை மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் மழுங்குகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வாள்வெட்டுச் செய்தி வராத கிழமை இல்லாத ஊர் இது. கொடுவாவைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கறுப்பு அலகும் கைக்காப்புமாக இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டு சந்தியில் நின்றால் பொலிஸார் கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதும் நியாயம். இதைவிடப் பெரிதாக, இராணுவப் பொருளைப் பார்த்தாலே முகம் மாறும் வயதானவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். எங்கள் அப்பாச்சி இந்தக் கத்தி மேசையில் கிடந்தால் அந்த அறைக்குள் வருவதில்லை. குளொக்கும் இந்தக் கணக்கில் தேறாது. மோராவின் பிளாஸ்ரிக் பிடி மட்டுமே பழம் வெட்டும் கத்தி போல அப்பாவித் தோற்றம் காட்டுகிறது.

ஆகவே தோட்டம், வேலி உள்ளவருக்கு அரம் ஓட்டிப் பார்த்து வாங்கிய கம்மாலைக் கத்தி. அடுப்படிக்கும் கடற்கரைக்கும் துருப்பிடிக்காத மோரா. பராமரிக்கச் சோம்பல், ஆனால் முரட்டுக் கத்தி வேண்டும் என்றால் குளொக். காபார், கத்தியைத் துடைப்பதே சுகம் என்று நினைக்கிறவருக்கு. அப்படி நினைக்கிறவன் நான்.

என்னுடையது இப்போது தேங்காயெண்ணெய் மணத்தோடு பழைய சாரத் துண்டில் சுற்றி, அப்பாச்சியின் கண்ணில் படாத மேல்தட்டில் இருக்கிறது. துரு ஏறிய கதையை அத்தானுக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது இன்னொரு மோரா கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இருக்கிறதை அம்மா தருவதாக இல்லை.