டயப்பர் வயதுப் பிள்ளைகளோடு கப்பல் பயணமா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் கைக்குழந்தையையோ, தத்தி நடக்கும் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போக யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டயப்பர் கட்டும் பிள்ளையை அநேகமாக எந்தக் கப்பலிலும் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். தண்ணீரில் போடுவதற்கென்றே கடையில் விற்கும் டயப்பர் போட்டிருந்தாலும் கிடையாது. குழந்தைகளுக்கான குளம் என்று தனியாக இருந்தால் அதிலும் கிடையாது. எங்களுக்கு இது மகனுக்கு நீச்சல் உடை மாட்டிக் குளத்தின் ஓரம் வரை போன பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு டிக்கெட் விற்றவருக்கு முன்பே தெரியும்.

கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸ் மூலமாகப் பதிவு செய்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. நான், கணவர், அத்தை, இரண்டு வயது நிரம்பாத மகன், ஒன்பது மாத மகள். பள்ளி விடுமுறைக் கூட்டத்தோடு மே மாதப் பயணம். பணம் கட்டும் முன் நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வெயில் காலம். இந்த ரெண்டு பேரையும் கப்பல்ல எப்படிச் சமாளிக்கிறது? இவங்க வயசுக்கு அங்க என்ன இருக்கு?"

"கவலையே படாதீங்க மேடம். குட்டீஸுக்குன்னே தனி ஏற்பாடு இருக்கு" என்றார். கூடவே வாட்ஸ்அப்பில் படங்களோடு ஒரு பிடிஎஃப் வந்தது. தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டுத் திடல், குழந்தையை விட்டுவிட்டுப் போகக்கூடிய பராமரிப்பு அறை, கேபினில் தொட்டில், வழியில் கப்பல் நிற்கும் மலேசியாவின் பினாங்கில் எங்களுக்கு மட்டும் ஏசி வேன். பால் பாட்டிலுக்கு வெந்நீர் வைக்க ஒரு கெட்டிலையும் எடுத்து வரச் சொன்னார். இந்த ஏற்பாடுகளுக்குப் பிள்ளைக்கு 8,500 ரூபாய் வீதம் 17,000 ரூபாய் தனியாக வாங்கினார். பிள்ளைகளின் டிக்கெட் பணம் வேறு. கைக்குழந்தையானாலும் கப்பலில் அதுவும் ஒரு தலைதான். உயிர்காக்கும் படகில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பதால் கேபின் கணக்கிலும் சேரும், துறைமுகக் கட்டணமும் வரும். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஏறும்போதே கெட்டில் போய்விட்டது. சூடாக்கும் சாதனங்கள் தீ விபத்துக்கு வழி என்பதால் கேபினுக்குள் விடுவதில்லை. பெட்டியைச் சோதித்தபோதே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் கொடுத்தார்கள். தொட்டில் கேட்டோம். கப்பலில் இருப்பது குறிப்பிட்ட எண்ணிக்கை, முன்பே சொல்லி வைத்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று, உங்கள் பதிவில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்றார்கள். பராமரிப்பு அறை எங்கே என்று கேட்டால், குழந்தைகள் கிளப் மூன்று வயதிலிருந்து, அதுவும் டயப்பர் விட்ட பிள்ளைகளுக்கு மட்டும். கடைசியாக அந்தத் தண்ணீர்த் திடல் படத்தைக் காட்டினேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கப்பலே இல்லை" என்றார்.

கப்பல் ஊழியர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. டயப்பர் விதிக்குக் காரணம் இருக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்று வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஓர் ஒட்டுண்ணி உண்டு. குளோரின் சரியான அளவில் இருக்கும் தண்ணீரிலும் அது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். நீச்சல் டயப்பர் கெட்டியாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், கிருமியைத் தடுக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் அடைந்து கிடக்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் கப்பல் முழுவதும் பரவும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசியே இந்த விதியை வைத்திருக்கிறது. ஆசியாவில் ஓடும் கப்பல்கள் பலவும் இதையேதான் பின்பற்றுகின்றன. இதை நான் மதிக்கிறேன். இந்த விதி தெரிந்தும் மறைத்து, அதன் பேரிலேயே பணம் வாங்கியதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வசதி உள்ள கப்பல்களும் இருக்கின்றன. ராயல் கரீபியனின் சில பெரிய கப்பல்களில் 6 முதல் 36 மாதப் பிள்ளைகளுக்கு நர்சரி உண்டு. டிஸ்னி கப்பல்களிலும் 6 மாதம் முதல் 3 வயது வரை நர்சரி உண்டு. இரண்டுக்கும் மணிக்கணக்கில் கட்டணம். டயப்பர் பிள்ளைகளுக்கென்று தனித் தண்ணீர் சுழற்சியோடு சின்ன நீர் விளையாட்டு இடம் கட்டியிருக்கும் கப்பல்களும் உண்டு. ஆனால் ஒரே நிறுவனத்தின் ஒரு கப்பலில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. எங்களுக்கு டிக்கெட் விற்றவர் விளையாடியது இந்த இடத்தில்தான். ஏதோ ஒரு கப்பலின் படத்தை எடுத்து வேறொரு கப்பலுக்கு ஒட்டிவிட்டார்.

பணம் போனதைவிட என்னால் மன்னிக்க முடியாதது பினாங்கில் நடந்தது. 'உங்களுக்கு மட்டும்' என்ற ஏசி வேன், வேறு இரண்டு குடும்பங்களோடு சேர்த்து வந்தது. குழந்தை இருக்கை இல்லை. வண்டி ஓடினால்தான் ஏசி, நின்றால் அதுவும் நின்றுவிடும். கெக் லோக் சி கோயில் வாசலில் மற்றவர்களுக்காக நடுப்பகலில் காத்துக் கிடந்தோம். அந்தப் பக்கத்து வெயில் நம் ஊர் வெயில் மாதிரி சுடாது. 32 டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரம் அவ்வளவு. வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். கைக்குழந்தைகளுக்கு வியர்ப்பதே குறைவு, எடைக்குத் தோல் பரப்பு அதிகம். பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறிவிடுவார்கள். சின்னவள் முதலில் அழுதாள், அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டாள். முகம் சிவந்து தோளில் துவண்டு கிடந்தாள். காலையில் கட்டிய டயப்பர் காய்ந்தே இருந்ததை அத்தைதான் தொட்டுப் பார்த்துச் சொன்னார். "இனி ஒரு நிமிஷம் இங்க நிக்க வேண்டாம், கிளம்பு" என்றார்.

அங்கேயே வேனை விட்டுவிட்டு வாடகைக் கார் பிடித்தோம். சட்டையைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் துடைத்துக்கொண்டே வந்தேன். ஐஸ் தண்ணீர் வைக்கக் கூடாது, தோல் சுருங்கிச் சூடு உள்ளேயே நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பால் கொடுத்தேன். ஒன்பது மாதம் என்பதால் இடையில் ஸ்பூனில் தண்ணீரும் கொடுக்க முடிந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தண்ணீர் கூடாது, பால் மட்டும்தான். கப்பலுக்குத் திரும்பி மருத்துவரிடம் காட்டினோம். கட்டணம் டாலரில், பயணக் காப்பீடு இருந்ததால் தப்பித்தோம். சாயங்காலம் டயப்பர் நனைந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவரிடம் போங்கள்.

வேனில் கூட வந்த ஒருவர் நல்ல மனதோடு, வெயில் படாமல் தள்ளுவண்டியைத் துணியால் மூடச் சொன்னார். அதைச் செய்யாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியானாலும் உள்ளே காற்று ஓடாமல் சூடு தேங்கிவிடும். வண்டியின் குடையை இழுத்துவிட்டு, நிழல் பார்த்து நிறுத்தி, மடக்கும் கைவிசிறியோ பேட்டரி விசிறியோ வைத்துக்கொள்வதே போதும்.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில், அதைச் சுற்றி நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள். ஒன்பது மணிக்குள் போய் பிள்ளைகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வெயில் ஏறும் முன் திரும்பியிருந்தாலே அந்த நாள் நன்றாகப் போயிருக்கும். அதற்கு எந்த வேனும் தேவையில்லை.

பினாங்குக்குப் பிறகு டிராவல்ஸ்காரர் கொடுத்த அட்டவணையைத் தூக்கி எறிந்துவிட்டு நாங்களே பார்த்துக்கொண்டோம். அடுத்த துறைமுகத்தில் இறங்கவே இல்லை. கரையில் எல்லோரும் இறங்கிவிட்டால் கப்பல் காலியாகிவிடும், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நிழலான நாற்காலிகள் எல்லாம் நமக்குத்தான். மகன் தண்ணீருக்காக ஏங்கிக்கொண்டிருந்தான். கேபின் குளியலறையில் தொட்டி இல்லை, நின்று குளிக்கும் இடம்தான். சிங்கப்பூரில் வாங்கிய காற்றடைக்கும் சின்னத் தொட்டியை அங்கே விரித்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, இரண்டு டம்ளரும் ஒரு கரண்டியும் கொடுத்தோம். பகல் முழுக்க அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பக்கத்திலேயே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவு தண்ணீரும் ஆபத்துதான்.

காலையில் சாப்பாட்டுக்கு முன்பும், சூரியன் இறங்கிய பிறகும் மட்டும் மேல் தளம். நடுப்பகலில் கீழே. மையக் கூடத்தில் யாராவது பியானோ வாசிப்பார்கள், பகலில் நூலகமும் ஆளில்லாமல் இருக்கும். நீண்ட தாழ்வாரம் தவழும் பிள்ளைக்குக் கொண்டாட்டம். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்த எழுத்துகள் ஒட்டும். மகன் அதிலேயே மணிக்கணக்கில் இருந்தான். ஏசியிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து ஏசிக்கும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலையாமல் இருந்தாலே பிள்ளைகள் சிணுங்குவது பாதியாகக் குறைந்தது.

"பால்கனில காத்து வரும் மேடம், பாப்பாவ அங்கயே தூங்க வைக்கலாம்" என்று அந்த டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தார். கப்பல் ஓடும்போது காற்று வரும், துறைமுகத்தில் நிற்கும்போது வெறும் புழுக்கம். பல கப்பல்களில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் கேபின் ஏசி தானாக நின்றுவிடும், எங்கள் கப்பலிலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஏறத் தெரிந்த பிள்ளை இருக்கும்போது அங்கே கிடக்கும் நாற்காலியை ஒரு நிமிடம்கூடக் கம்பி ஓரத்தில் விடக் கூடாது. நாங்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டோம்.

வெந்நீருக்கு நல்ல ஃபிளாஸ்க் எடுத்துப் போங்கள். உணவுக் கூடத்தில் பிடித்துக்கொள்ளலாம். பவுடர் பால் என்றால் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கரைத்து ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, ஆகவே பிடித்த சூட்டிலேயே கரைத்துவிடுங்கள். கைக்குழந்தை அளவு உயிர்காப்பு மேலாடை கேபினில் இருக்கிறதா என்று ஏறியவுடன் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் கப்பலில் இருக்கும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எங்கள் கேபினில் பெரியவர்களுடையதுதான் இருந்தது, கேட்டதும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஊர் திரும்பி டிராவல்ஸுக்குப் போனோம். "அது ஷிப் ரூல்ஸ் மேடம், நாங்க என்ன பண்ண முடியும்? போட்டோ எல்லாம் சும்மா மாதிரிக்குப் போடுறதுதான்" என்றார். பணத்தைக் கேட்டதும், அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். என் பிள்ளைகளை நம்பி இன்னொரு முறை உங்களிடம் அனுப்புவேனா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அவர்கள் டிராவல்ஸுக்கு அனுப்பினார்கள், வந்த பதில் அதே தள்ளுபடிதான். இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பதிவு செய்யப் போகிறவர்கள் பேச்சில் எதையும் ஏற்காதீர்கள். கப்பலின் பெயரைச் சொல்லி, பிள்ளையின் வயதை மாதக் கணக்கில் சொல்லி, டயப்பர் கட்டும் பிள்ளை தண்ணீரில் இறங்க எந்த இடம், எந்தத் தளம், கிளப் எந்த வயதிலிருந்து, தொட்டில் எங்கள் பதிவு எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். அதே கேள்வியைக் கப்பல் நிறுவனத்துக்கும் நேரடியாக அனுப்புங்கள், பதிவு எண் இருந்தால் பதில் சொல்வார்கள். 'குழந்தைப் பராமரிப்பு' என்று தனியாக ஒரு தொகை கேட்டால், அது கப்பலுக்குப் போகிறதா, டிராவல்ஸுக்குப் போகிறதா என்று ரசீதில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் 17,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் கப்பலுக்குப் போகவில்லை. கப்பல் கொடுத்த கணக்குச் சீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. அந்தச் சீட்டையும், பிடிஎஃப்பையும், வாட்ஸ்அப் உரையாடலையும்தான் மனுவோடு இணைக்கிறோம்.