மலை வீட்டுக் கூரைக்கு எந்த சோலார் பேனல்: ஒற்றைக் கண்ணாடியா, இரட்டைக் கண்ணாடியா?

நீலகிரி அருவங்காட்டில் சித்தப்பா வீட்டுத் தகரக் கூரை மேல் போன மே மாதக் காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், ஒரு பேனல் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல். ஆனாலும் ஒரு சில்லுகூடக் கீழே உதிரவில்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பசைப் படலம் அத்தனையையும் பிடித்து வைத்திருந்தது.

"ஏம்ப்பா, இந்தத் தடவை ரெண்டு பக்கமும் கண்ணாடி வர்றதையே வாங்கிடலாமா? ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா தாங்கும்ல?" என்று கேட்டார் சித்தப்பா. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிதான் சரி.

பழைய வகைப் பேனலில் முன்னால் 3.2 மி.மீ. டெம்பர்டு (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்கிய) கண்ணாடி, பின்னால் பிளாஸ்டிக் பேக்‌ஷீட். இரட்டைக் கண்ணாடிப் பேனலில் பெரும்பாலும் முன்னும் பின்னும் தலா 2 மி.மீ. கூட்டினால் 4 வருகிறது, ஆனால் மேலிருந்து விழும் அடியை முதலில் வாங்குவது முன்னால் இருக்கும் 2 மி.மீ.தான். அவ்வளவு மெல்லிய கண்ணாடியை முழுமையாக டெம்பர் செய்வதும் கடினம், அரைகுறையாகத்தான் பதமாகும். அதனால் ஆலங்கட்டிக்கும் கல்லுக்கும் பழைய ஒற்றைக் கண்ணாடியே கெட்டி.

எவ்வளவு கெட்டி? ஐ.இ.சி. 61215 என்ற சர்வதேசப் பேனல் தரச் சோதனையில் 25 மி.மீ. பனிக்கட்டி உருண்டையை, அதாவது ஒரு நெல்லிக்காய் அளவு, விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் 11 இடங்களில் அடித்துப் பார்க்கிறார்கள். இரண்டு வகையும் இதில் தேறித்தான் கடைக்கு வருகின்றன. கோடை மழையோடு நம் பக்கம் விழும் ஆலங்கட்டி பெரும்பாலும் இதைவிடச் சின்னது. கிளை விஷயம் வேறு. ஆற்றலை அளக்கும் ஜூல் கணக்கில் அந்த உருண்டையின் அடி சுமார் 2 ஜூல். 2 கிலோ கிளை 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிட்டத்தட்ட 100 ஜூல், ஐம்பது மடங்கு! அதைத் தாங்கும் பேனலைத் தேடி அலைய வேண்டாம். மலைப்பகுதியில் மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். கிளை எட்டாத பக்கமாகப் பேனலைத் தள்ளி வைப்பதுதான் வழி.

சரி, இரட்டைக் கண்ணாடி எதில் ஜெயிக்கிறது? ஈரத்தில். மாதக்கணக்கில் மூடுபனி கவிந்து கிடக்கும் ஊரில் பேக்‌ஷீட் வழியாக ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும், மின்சாரம் தயாரிக்கும் சோலார் செல்களை இணைக்கும் கம்பிகள் அரிக்கும். கண்ணாடி அதை விடாது. 25 வருட உத்தரவாதத்துக்குப் பதில் பல கம்பெனிகள் இதற்கு 30 வருடம் தருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குரங்கிலும் இதற்கே மதிப்பெண். ஆறேழு கிலோக் குரங்கு தாவிக் குதித்தால் பெரும்பாலும் கண்ணாடி உடையாது. ஆனால் பேனல் வளையும். ஒற்றைக் கண்ணாடியில் செல்கள் அடிப்பக்கம் இருப்பதால் இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விடும். இரண்டு கண்ணாடிக்கு நட்டநடுவில் இருக்கும் செல்லுக்கு அந்த இழுவை மிகக் குறைவு. வயரை எதில் வாங்கினாலும் குழாய்க்குள் விட்டுவிடுங்கள், தொங்கினால் குரங்கு பிய்த்துவிடும்.

வளையும் பிளாஸ்டிக் பேனலும் கிடைக்கிறது. எடை தாங்காத பழைய கூரைக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும் அதைப் பாருங்கள். ஆயுள் குறைவு, கீறலும் சீக்கிரம் விழும்.

நான் அதிகம் கவலைப்படுவது காற்றைப் பற்றி. 2018-இல் கஜா புயல் கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். பேனலின் விவர அட்டையில், தாங்கும் அழுத்தம் முன்பக்கம் 5400 பாஸ்கல், பின்பக்கம் 2400 பாஸ்கல் என்று போட்டிருப்பார்கள். கம்பெனி சொன்ன இடத்தில் கிளாம்ப் (பேனலைப் பிடித்து நிறுத்தும் கவ்வி) போட்டால்தான் அந்தக் கணக்கு. அரை அடி தள்ளிப் போட்டால் இல்லை. ஏழரை அடி நீளமுள்ள 540 வாட் பேனலில், அதுவும் 2 மி.மீ. கண்ணாடியில், இது ரொம்ப முக்கியம். முகட்டு வீடுகளுக்கு ஆறடிக்குள் அடங்கும் 400 வாட் பேனலே என் தேர்வு. எண்ணிக்கை கூடும், கிளாம்ப் செலவும் கூடும், பரவாயில்லை.

என் கணக்கில், எமரால்டு, அவலாஞ்சி போல ஈரம் வற்றாத பக்கத்துக்கு இரட்டைக் கண்ணாடி, சின்ன அளவில். கல்லும் ஆலங்கட்டியும் பயம் என்றால் 3.2 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி. மத்திய அரசு மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், வேண்டுமென்றால் சோலார் செல், பேனல் இரண்டும் உள்நாட்டுத் தயாரிப்பா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சித்தப்பா ஒற்றைக் கண்ணாடியே வாங்கினார். மரத்துப் பக்கம் இருந்த இரண்டு பேனலையும் மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு மாற்றினோம். அங்கே காலை வெயில் ஒரு மணி நேரம் குறைவு, ஆனால் மேலே கிளை ஒன்றும் இல்லை.